வால் நதிக் கரையில் ஓட்டம்: பன்னர்டன் முனை முதல் கிண்டர்டைக் வரை

திங்கள்: மில்லிங்கன் – நைமேகன்

ரைன் நதி ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்துக்குப் பன்னர்டன் முனை என்று பெயர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர் வால் என்ற கிளையில் மேற்கே போகிறது. மீதி நீர், 1707-இல் வெட்டப்பட்ட பன்னர்டன் கால்வாய் வழியாக வடக்கே திரும்புகிறது. முக்கொம்பையும் கல்லணையையும் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தின் கனம் உடனே புரியும். ஒரு நாட்டின் நீர்க் கணக்கு முழுவதும் இந்த முனையில்தான் தொடங்குகிறது.

என் ஓட்டத்தையும் இங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. திட்டம் எளிமையானது. வால் நதியின் கரை மீதே மேற்கு நோக்கி ஓடுவது. மாலையில் ரயிலிலோ பஸ்ஸிலோ தங்குமிடம் திரும்புவது. அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி ரயில் ஏறுவது. முதுகில் ஒரு சிறிய பை, அதில் தண்ணீர், ஒரு மழைச்சட்டை. அவ்வளவுதான். ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

நைமேகனிலிருந்து காலை பஸ்ஸில் மில்லிங்கன் வந்து இறங்கினேன். மே மாதக் கடைசி, நல்ல குளிர்ச்சி. படித்துறையருகே நின்றால் எதிர்க்கரையில் முனை தெரிகிறது. நீர் பிரிவது பார்வைக்குப் பெரிய காட்சியாக இல்லை. ஆரவாரம் எதுவும் இல்லாமல் பிரிகிறது. ஆனால் படகுகளைக் கவனித்தால் தெரியும். ஆறு பாரப்படகுகளை ஒன்றாகக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுகப்பல்கள் வால் பக்கமே வந்துகொண்டிருக்கின்றன. ராட்டர்டாமிலிருந்து ஜெர்மனியின் டுய்ஸ்பர்க் வரை தாதும் நிலக்கரியும் போகும் வழி இதுதான்.

ஓடத் தொடங்கியதும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது கரையின் அமைப்பு. இங்கே ஆற்றுக்கு இரண்டு கரைகள், ஒரே பக்கத்திலேயே. தண்ணீரை ஒட்டித் தாழ்வான கோடைக் கரை. அதற்கு வெளியே, பல இடங்களில் சில நூறு மீட்டர் தள்ளி, உயரமான குளிர்காலக் கரை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் படுகையைக் குளிர்காலத்தில் ஆறு எடுத்துக்கொள்ளும். கோடையில் மாடுகளும் குதிரைகளும் எடுத்துக்கொள்ளும். நாம் ஓடுவது உயரமான கரையின் தலையில் போட்ட தார்ச்சாலையில். வலப்பக்கம் படுகையும் ஆறும், இடப்பக்கம் வயல்களும் கூரைகளும். இந்த உயரத்திலிருந்து பார்த்தால் இரு பக்கமும் தெரிவதுதான் இந்த வழியின் பெருங்கொடை. மலைப்பாதையில் ஒரு திருப்பம் வரை தெரியும். இங்கே அடுத்த இரண்டு ஊர்களின் தேவாலயக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே ஓடலாம்.

கேகர்டொம் ஊருக்கு முன்னால் கரையை விட்டு இறங்கி, மில்லிங்கன் படுகைக்குள் போனேன். செங்கல் சூளைகளுக்குக் களிமண் தோண்டிய நிலம் இது. சூளையின் புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. தோண்டிய பள்ளங்களை ஆற்றிடமே திருப்பிக் கொடுத்து, காட்டுத்தன்மையுள்ள கோனிக் குதிரைகளையும் கேலோவே மாடுகளையும் மேயவிட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் 1994-இல் பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்குகளையும் கொண்டுவந்து விட்டார்கள். அவை கடித்து வீழ்த்திய வில்லோ மரங்களைப் பாதையோரம் பார்க்கலாம். மணல், சேறு, புல் என்று தரை மாறிக்கொண்டே இருந்ததால் வேகம் குறைந்தது. குதிரைக் கூட்டம் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அருகே போகாமல், பெரிய வளைவாகச் சுற்றி ஓடினேன். குட்டிகள் இருக்கும் காலத்தில் அதுதான் முறை.

எர்லகொம், ஓய் ஊர்களைத் தாண்டியதும் இடப்பக்கம் நீளமாக ஒரு மேடு எழுகிறது. பனியுகத்தில் பனிப்பாறை தள்ளிக் குவித்த மண் அது. அதன் விளிம்பில்தான் நைமேகன் நகரம் அமர்ந்திருக்கிறது. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டம், கடைசியில் வால் பாலத்தின் பெரிய வளைவுக்குக் கீழே முடிந்தது.

செவ்வாய்: நைமேகன், இரு கரைகளிலும்

இன்று மெதுவான சுற்று, எட்டு ஒன்பது கிலோமீட்டர். வால் பாலத்தில் ஆற்றைக் கடந்து, வடகரையில் லெண்ட் வழியாகப் போய், இன்னொரு பாலத்தில் திரும்புவது. குறைந்த தூரத்தில் அதிகம் பார்க்க வேண்டுமானால் இந்தச் சுற்றுக்கு இணை இல்லை.

1995 ஜனவரி இறுதியில் ரைன் பெருக்கெடுத்தது. ரைன் நாட்டுக்குள் நுழையும் லோபித் எல்லையூரில் விநாடிக்கு சுமார் 2,200 கனமீட்டர் நீர் வருவது வழக்கமான சராசரி. அந்த நாள்களில் அது 12,000-ஐ நெருங்கியது. கரைகள் தாங்குமா என்ற அச்சத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். கரைகள் தாங்கிவிட்டன. ஆனால் அதன் பிறகு இந்த நாட்டின் நீர்ச் சிந்தனை மாறியது. கரையை இன்னும் உயர்த்திக்கொண்டே போவதற்குப் பதிலாக, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கத் தீர்மானித்தார்கள்.

அதில் மிகத் துணிச்சலான வேலை லெண்டில் நடந்தது. கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். சுமார் ஐம்பது வீடுகள் இடிக்கப்பட்டன. பழைய கரைக்கும் புதிய கரைக்கும் நடுவே ஒரு கிளை ஆறு தோண்டி, இடையில் ஒரு தீவும் உருவாகியது. இதனால் வெள்ளத்தின் உச்சம் சுமார் 35 சென்டிமீட்டர் குறையும். இத்தனை இழப்பும் செலவும் முப்பத்தைந்து சென்டிமீட்டருக்கா என்று தோன்றலாம். சமவெளியில் ஒரு சாண் தண்ணீர் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வீட்டை இழந்த அந்தக் குடும்பங்களை நினைத்துக்கொண்டே அந்தப் புதிய கரையில் ஓடினேன். அவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தில் இன்று குழந்தைகள் நீந்துகிறார்கள்.

மாலையில் ஓட்டத்துக்காக இல்லாமல், பார்ப்பதற்காகவே இரண்டாவது பாலத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பர் 20 அன்று அமெரிக்க வான்குடை வீரர்கள் துணிப்படகுகளில் பட்டப்பகலில் இந்த ஆற்றைக் கடந்தார்கள். அதில் 48 பேர் இறந்தார்கள். 2013-இல் திறந்த இந்தப் பாலத்தில் அவர்கள் நினைவாக 48 ஜோடி விளக்குகள் தனியாக அமைக்கப்பட்டுள்ளன. பொழுது சாயும்போது அவை ஒரே நேரத்தில் எரிவதில்லை. மெதுவாக அணிநடை போடுபவரின் வேகத்தில், ஒவ்வொரு ஜோடியாக எரிகின்றன. ஒவ்வொரு மாலையும் ஒரு முன்னாள் படைவீரர் அந்த விளக்குகளோடு சேர்ந்து நடக்கிறார். விருப்பமுள்ளவர்கள் பின்னால் நடக்கலாம். மே மாதத்தில் சூரியன் மறைய ஒன்பதரைக்கு மேல் ஆகிவிடும். நாங்கள் ஏழெட்டுப் பேர் நடந்தோம். யாரும் பேசவில்லை.

புதன்: டோடவார்ட் – தீல்

இன்றைய நாளை ஆண்டது காற்று.

நெதர்லாந்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வருகிறது. கடலிலிருந்து இங்கே வரும் வரை அதைத் தடுக்க ஒரு குன்றும் இல்லை. நதியோடு மேற்கே ஓடுகிறவருக்கு அது எதிர்க்காற்று. ஆற்றின் போக்கிலேயே போக வேண்டும் என்று விரும்பித்தான் இந்தத் திசையைத் தேர்ந்தேன். ஹெம்மன்-டோடவார்ட் ரயில் நிறுத்தத்தில் இறங்கி, கரையை நோக்கி ஓடியபோது எதிரே வந்த ஓர் அம்மையார், ஐம்பதைத் தாண்டியவர், நல்ல ஓட்டக்காரர், நின்று பேசினார். "தீலுக்கா? அப்படியானால் இன்று வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சை மட்டும் பாருங்கள்" என்றார். இங்குள்ளவர்கள் நீண்ட ஓட்டத்துக்கு முன் காற்றின் திசையைப் பார்த்துவிட்டு, காற்று வரும் பக்கத்து ஊருக்கு ரயிலில் போய், வீட்டை நோக்கி ஓடி வருவார்களாம். சுற்றி ஓடுவதானால் முதல் பாதி எதிர்க்காற்றில், களைத்த பாதி பின்காற்றில்.

அவர் சொன்னதில் எனக்கு மிகப் பயன்பட்டது இன்னொன்று. வடகரையில் ஓடும்போது தென்மேற்குக் காற்று ஆற்றின் மேலிருந்து வந்து கரையின் தலையில் மோதுகிறது. கரையின் உட்பக்கத்து அடிவாரத்தில், பல இடங்களில், பண்ணை வீடுகளை இணைக்கும் சிறு சாலை இருக்கிறது. அங்கே இறங்கிவிட்டால் கரையே காற்றை மறைக்கும். சில மீட்டர் இறக்கம்தான். ஆனால் காதில் இரைச்சல் அடங்கி, தோள்கள் தளர்ந்து, ஓட்டம் மறுபடி நம் கைக்கு வருகிறது. மூச்சு வாங்கும் வரை மேலே, பிறகு கொஞ்சம் கீழே என்று மாற்றி மாற்றி ஓடினேன். எதிர்க்காற்றில் அடியைச் சுருக்கி வேகமாக எடுத்துவைப்பதும் உதவுகிறது. நீண்ட அடி எடுத்தால் கால் தரையை விட்டிருக்கும் நேரமெல்லாம் காற்று பின்னே தள்ளுகிறது.

டோடவார்டில் கரைக்கு வெளியே ஒரு பழைய அணுமின் நிலையம் நிற்கிறது. 1969-இல் தொடங்கி 1997-இல் மூடப்பட்டது. அதைக் கழற்றி எடுக்கும் காலம் இன்னும் வரவில்லை. அதற்கடுத்த ஊர் ஓக்டன். 1995 வெள்ளத்தில் உடைந்துவிடும் என்று நாடே அஞ்சியது இந்த ஊரின் கரையைத்தான். மண் இளகிச் சரியத் தொடங்கியது. மணல் மூட்டைகளை அடுக்கிக் காப்பாற்றினார்கள். இன்று அதே கரை அகலமாக, வலுவாக, புல் போர்த்தியிருக்கிறது. புல்லை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் வேர்தான் மேல்மண்ணைப் பிடித்திருக்கிறது. அதனால் ஆடு மேய்ப்பதுகூடக் கரைப் பராமரிப்பின் ஒரு பகுதி. வழிநெடுக வேலிக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. திறந்த கதவை மூடாமல் போவது இங்கே பெரிய பிழை.

தீலுக்கு முன்னால் ஆம்ஸ்டர்டாம்–ரைன் கால்வாய் வந்து சேர்கிறது. மதகு மேலுள்ள பாலத்தில் கால்வாயைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தீல் நகரம் பழத்தோட்டங்களின் தலைநகரம். ஆப்பிளும் செர்ரியும் பேரியும் வரிசை வரிசையாக. பூக்காலம் முடிந்து பிஞ்சுகள் பிடித்திருந்தன.

வியாழன்: ஓய்வு

ஓடவில்லை. கெண்டைக்கால் இரண்டும் இறுகிவிட்டன.

சமதரை ஓட்டம் எளிது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் இருந்தால் தொடை, கெண்டைக்கால், இடுப்பு என்று பாரம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைப் போன்றதே. ஒரே தசை, ஒரே கோணம், ஆயிரக்கணக்கான முறை. போதாததற்குத் தார்ச்சாலையின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் தாழ்ந்தே விழும். அதற்கு நான் கண்ட வழி, நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது கரையை விட்டுப் படுகைக்கு இறங்கிவிடுவது. ஆற்றுக்குள் குறுக்காக நீட்டிய கல் தடுப்புகளுக்கு நடுவே சிறுசிறு மணற்கரைகள் இருக்கின்றன. அந்த மணலில் பத்து நிமிடம் ஓடினால் கால் வேறு வேலை கற்றுக்கொள்கிறது. கப்பல் போனபின் அந்த இடங்களில் நீர் திடீரென்று உள்வாங்கித் திரும்பிப் பாயும். ஓடலாம், நிற்கலாம்; நீந்த இறங்கவே கூடாது.

வெள்ளி: தீல் – வார்டன்பர்க் – ஸால்ட்பொம்மெல்

இந்த வழியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் மறுபடி ஓட வாய்ப்புக் கிடைத்தால் நான் இதைத்தான் ஓடுவேன்.

தீலைத் தாண்டியதும் கரை வளைய ஆரம்பிக்கிறது. ஆறு வளைந்தால் கரையும் வளையும், அது இயல்பு. ஆனால் இங்கே ஆறு நேராகப் போகும் இடத்திலும் கரை சட்டென்று ஓர் அரைவட்டம் அடித்து, மறுபடி பழைய கோட்டுக்கு வருகிறது. அந்த அரைவட்டத்தின் மடியில் வட்டமாக ஒரு குளம். அல்லியும் நாணலும், சில இடங்களில் ஒரு தூண்டில்காரர். பார்க்க மிக அமைதியான இடம். உண்மையில் ஒவ்வொரு குளமும் ஒரு உடைப்பு.

கரை உடையும்போது நீர் பரந்து மட்டும் போவதில்லை. விழுந்த இடத்தைக் குடைந்து ஆழமான பள்ளமாக்கிவிடுகிறது. மண்வெட்டியும் கூடையும் மட்டுமே இருந்த காலத்தில் அந்தப் பள்ளத்தைத் தூர்க்க வழியில்லை. அதனால் அதைச் சுற்றிப் புதிய கரை கட்டினார்கள். பள்ளம் குளமாக நின்றது, கரையில் ஒரு வளைவு நின்றது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தச் சாலை வேறு சாலையாகிவிடுகிறது. காரணமில்லாத ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஊர் ஓர் இரவில் எதையோ இழந்திருக்கிறது. ஓடுகிறவரின் கால் அதே வளைவில்தான் திரும்புகிறது. காரில் போனால் ஸ்டியரிங்கைத் திருப்பும் நொடியில் அது கடந்துபோய்விடும். கால்நடையாகவோ ஓட்டமாகவோ வந்தால்தான் குளம் முழுவதும் கண்ணில் படும் நேரம் கிடைக்கிறது.

வாரிக் ஊரில் ஒரு தடித்த செங்கல் கோபுரம் தனியே நிற்கிறது. அதை ஒட்டியிருந்த தேவாலயம் இல்லை. கோபுரத்தின் நிழலில் தண்ணீர் குடித்துவிட்டு, ஹேசெல்ட், ஓபைனன் வழியே தொடர்ந்தேன். கரை பலப்படுத்தும் வேலைகளால் இந்தப் பகுதியில் சாலை அவ்வப்போது மூடப்படுவதுண்டு. மாற்றுவழிப் பலகையைப் பார்த்துப் போவது நல்லது.

தூரத்தைக் கணக்கிட இந்த ஆற்றில் கைக்கடிகாரம்கூட வேண்டியதில்லை. ஏரிக்கரையிலுள்ள கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பாலத்திலிருந்து ரைன் நதியை அளந்து, கப்பல்களுக்காகக் கிலோமீட்டருக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை வால் கிளையிலும் தொடர்கிறது. நைமேகனில் 880-ஐத் தாண்டியிருந்தது, தீலில் 910-ஐத் தாண்டியது, இன்று 930-ஐயும் தாண்டினேன். ஆல்ப்ஸ் அடிவாரத்து ஏரியிலிருந்து எண்ணிக்கொண்டு வரும் ஒரு கணக்கில் நம் சிறு ஓட்டமும் சேர்வது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பலகை ஆற்றின் நீளத்தைச் சொல்கிறது. கரையின் வளைவுகளில் ஓடுகிறவர் அதைவிடக் கூடுதலாகவே ஓடியிருப்பார்.

வார்டன்பர்கில் பாலம் ஏறி, ஆற்றைக் கடந்து ஸால்ட்பொம்மெல் ரயில் நிலையத்தில் நிறுத்தினேன்.

சனி: ஸால்ட்பொம்மெல் – லூவெஸ்டைன் – ஹோரின்கெம்

வார இறுதி. கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள்களும் பந்தய சைக்கிள் கூட்டங்களும் நிறைய. சைக்கிள்காரர்கள் மணியடித்து நமக்குத் தெரிவிப்பார்கள். நாம் நேர்கோட்டில் ஓடினால் போதும், திடீரென்று பக்கம் மாறக் கூடாது. காலை ஏழு மணிக்கே ஓடிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தென்கரை வழியாகப் பிராகல் ஊர் வரை சொல்ல அதிகம் இல்லை. அதன்பின் நிலம் திறந்துகொள்கிறது. வால் நதியும் மாஸ் நதியும் சேரும் மூலையில் லூவெஸ்டைன் கோட்டை. பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த இந்தக் கோட்டை பிறகு சிறையானது. சர்வதேசச் சட்டத்தின் முன்னோடி ஹியூகோ குரோஷியஸ் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். அவருக்குப் புத்தகங்கள் வருவதும் போவதும் ஒரு பெட்டியில். 1621 மார்ச்சில் அவருடைய மனைவி மரியா அவரை அந்தப் பெட்டிக்குள் படுக்கவைத்து, புத்தகங்கள் என்று சொல்லி ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ஹோரின்கெமுக்கு அனுப்பிவிட்டார். நானும் அதே நீரைப் பயணிகள் படகில் கடந்தேன்.

இந்தப் பக்கத்துக் கோட்டைகள் எல்லாம் டச்சு நீர்க்காப்பு அரண் என்ற தொடரில் வருகின்றன. எதிரி வந்தால் மதகுகளைத் திறந்து வயல்களை முழங்கால் அளவுக்கு மூழ்கடிப்பார்கள். படைகள் நடக்க முடியாத ஆழம், படகு ஓட்டவும் போதாத ஆழம். நிலம் இவ்வளவு சீராகச் சமமாக இருந்தால்தான் இந்த உத்தி பலிக்கும். மேற்கே வரவர உயரங்கள் மீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகின்றன என்று இங்கேதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிறு: கிண்டர்டைக்

ஹோரின்கெமிலிருந்து டோர்ட்ரெக்ட்டுக்கு ரயில், அங்கிருந்து ஆற்றுப் படகில் அல்பிளாசர்டாம். அங்கே இறங்கி ஓட்டம்.

இது வேறு நிலம். கரையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் ஆற்று நீர், மறு பக்கம் அதைவிடத் தாழ்வாக வயல். நீரை வடித்து வடித்து உழுததில் சதுப்பு மண் சுருங்கி, காற்றுப் பட்டுக் கரைந்து, நூற்றாண்டுகளாகத் தாழ்ந்துகொண்டே போயிருக்கிறது. இன்று வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே. ஆற்றுப் பக்கத்துப் படுகையோ வண்டல் சேர்ந்து உயர்ந்திருக்கிறது. திங்களன்று மில்லிங்கனில் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகத் தெரிந்த நிலம், இங்கே வரும்போது தலைகீழாகிவிட்டது. இதைப் படங்களில் பார்த்திருந்தேன். ஆனால் வயல்பக்கச் சரிவில் இறங்கும்போது கால் எதிர்பார்த்த இடத்தில் தரை வரவில்லை. இன்னும் சில அடிகள் இறங்கித்தான் கிடைத்தது.

தாழ்ந்த வயல்களின் நீரை மேலேற்றுவதற்கு 1738 முதல் 1740 வரை இங்கே காற்றாலைகளை வரிசையாகக் கட்டினார்கள். இன்று மொத்தம் 19 நிற்கின்றன. 1997 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். வயல் வாய்க்காலிலிருந்து உயரமான தேக்கத்துக்கு, தேக்கத்திலிருந்து ஆற்றுக்கு என்று நீர் படிப்படியாக ஏறுகிறது. இப்போது அந்த வேலையைப் பெரிய திருகு பம்புகள் செய்கின்றன. ஆலைகளில் மக்கள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள், இறக்கைகளையும் சுற்றவைக்கிறார்கள். புதனன்று என்னை மூச்சுத் திணற வைத்த அதே தென்மேற்குக் காற்று இங்கே அந்த இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அதன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

ஆலைகளுக்கு நடுவேயுள்ள பாதை குறுகலானது. பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பயணிகளால் நிறைந்துவிடுகிறது. ஓடுகிறவர்கள் அதற்குமுன் முடித்துவிடுவது நல்லது. நான் ஆலை வரிசையின் கோடி வரை ஓடி, வயல்களைச் சுற்றித் திரும்பி, பன்னிரண்டு கிலோமீட்டரில் நிறுத்தினேன்.

வர விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். நேரம் குறைவாக இருந்தால் தீல்–வார்டன்பர்க் பகுதியையும் நைமேகன் பாலச் சுற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தீல்–வார்டன்பர்க்கை, தென்மேற்குக் காற்று வீசும் நாளில், ஸால்ட்பொம்மெலில் ரயிலிறங்கித் தீலை நோக்கி ஓடலாம். வளைவுகளும் குளங்களும் அந்தத் திசையிலும் அவையேதான். கோடையில் கரையின் மேல் நிழலே கிடையாது. 1909-இல் தொடங்கிய, இப்போது நைமேகனில் நடக்கும் புகழ்பெற்ற நான்கு நாள் நடையில், 2006-இல் வெயில் தாங்காமல் இருவர் இறந்து, மீதி நாள்கள் ரத்தாயின. ஜூலையில் வருவதானால் விடியற்காலையில் ஓடி, பையில் தண்ணீரைக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். படுகைக்குள் இறங்கப் போகிறீர்களென்றால் அடிப்பகுதியில் பிடிப்புள்ள காலணி வேண்டும். குளிர்காலத்தில் வந்தால் படுகை இருக்காது, ஆறுதான் இருக்கும். அப்போது கரையின் தலையை விட்டு இறங்காதீர்கள்.